பஸ் ஸ்டாப் பலகையில் "4 நிமிடம்" என்பது எங்கிருந்து வருகிறது?

"29சி, பெசன்ட் நகர், 4 நிமிடம்." நிறுத்தக் கூரையின் கீழே தொங்கும் பலகையில் இப்படி ஒரு வரி தெரிந்தால், பஸ்ஸில் ஜிபிஎஸ் இருக்கிறது, அது வரும் இடம் பலகைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று பெரும்பாலானோர் நினைத்துக்கொள்கிறார்கள். பாதி சரி. பஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது இந்த வேலையில் சுலபமான பகுதி. அந்த பஸ் இப்போது எந்த நடையில் (புறப்படும் இடத்திலிருந்து முடிவிடம் வரையிலான ஒரு ஓட்டத்தில்) இருக்கிறது, இந்த நிறுத்தத்துக்கு வர எத்தனை நிமிடம் ஆகும், அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பவைதான் கடினம். பலகை தப்பாகக் காட்டும்போது குற்றம் பெரும்பாலும் விளக்கிலோ ஜிபிஎஸ்ஸிலோ இருப்பதில்லை, இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்குத்தான் கூடுதல் இடம்.

அடியில் இருப்பது கால அட்டவணை

நேரலைத் தகவல் என்றாலும் அதன் அடித்தளம் கால அட்டவணைதான். ஒரு தடத்தில் எந்தெந்த நிறுத்தங்கள், எந்த வரிசையில், ஒவ்வொரு நடையும் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் கணினி படிக்கும் வடிவில் இல்லையென்றால், ஜிபிஎஸ் புள்ளி வரைபடத்தில் நகரும் ஒரு பொட்டு மட்டுமே.

இதற்கு உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் வடிவம் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. உள்ளே பார்த்தால் மிரட்சி தரும் எதுவும் இல்லை. காற்புள்ளியால் பிரித்த சில உரைக் கோப்புகள், ஒரு ஜிப் பொதி. நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, தடங்களுக்கு ஒன்று, நடைகளுக்கு ஒன்று, ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தைத் தொடும் நேரத்துக்கு ஒன்று, எந்தெந்த நாளில் ஓடும் என்பதற்கு ஒன்று. எக்செல் தெரிந்தவர் திறந்து படித்துவிடலாம்.

இதில் புதியவர்களைத் தடுமாற வைக்கும் இடம் நள்ளிரவு. செவ்வாய் இரவு புறப்பட்டு, புதன் அதிகாலை 1.35-க்குக் கடைசி நிறுத்தத்தை அடையும் பஸ்ஸின் நேரம் இந்தக் கோப்பில் 25:35:00 என்று இருக்கும். அந்த நடை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் சேர்கிறது என்பதுதான் காரணம். இதைப் புரியாமல் எழுதிய மென்பொருள் இரவு 12 மணிக்கு மேல் ஓடும் கடைசி பஸ்களைப் பலகையிலிருந்து காணாமல் ஆக்கிவிடும். அந்த நேரத்தில்தான் பயணிக்குத் தகவல் அதிகம் தேவைப்படுகிறது.

நிறுத்தங்களின் கோப்பையும் அலட்சியமாக விட முடியாது. சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் இரண்டு நிறுத்தங்கள் இருக்கும். கணினிக்கு அவை இரண்டு தனி நிறுத்தங்கள், இரண்டு தனி எண்கள். ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், பாரிமுனைக்குப் போக நிற்பவருக்கு எதிர்ப்பக்கம் தாம்பரம் போகும் பஸ் "2 நிமிடம்" என்று காட்டும். மெட்ரோ வேலைக்காகவோ மேம்பாலத்துக்காகவோ நிறுத்தத்தை 150 மீட்டர் தள்ளி மாற்றினால், அன்றைக்கே கோப்பிலும் மாற்ற வேண்டும். நடைமுறையில் இந்தத் திருத்தம்தான் பல ஊர்களில் மாதக்கணக்கில் தூங்குகிறது.

பஸ் இருக்கும் இடம்

லண்டனில் 1990-களின் தொடக்கத்தில் 18-ஆம் எண் தடத்தில் கவுன்ட்டவுன் என்ற பெயரில் பலகைகள் வைத்துப் பார்த்தபோது, சாலையோரம் சிறு அலைபரப்பிகளைப் பொருத்தினார்கள். பஸ் அதைக் கடக்கும்போது இடம் தெரியும். அங்கிருந்து சக்கரம் சுற்றிய தூரத்தை அளந்து, ரேடியோ வழியாக மையத்துக்குச் சொல்லும். பிறகு வந்த ஐபஸ் முறையில் ஜிபிஎஸ் சேர்ந்தது. ஆனாலும் சக்கரத் தூர அளவியையும் திசை மாற்றத்தை உணரும் கைரோவையும் அவர்கள் கைவிடவில்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே, சுரங்கப்பாதையில், மேம்பாலத்துக்கு அடியில் செயற்கைக்கோள் சிக்னல் தவறும். அப்போது கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போயிருக்கிறது என்று அவை சொல்லிவிடும்.

இந்தியாவில் ஏஐஎஸ்-140 என்ற தரநிலை இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் பயணிகள் வாகனங்களில் இந்தத் தரத்துக்கு உட்பட்ட இடங்காட்டிக் கருவியும் அவசர பொத்தான்களும் இருக்க வேண்டும். பிரிக்க முடியாமல் பதித்த சிம், வண்டி பேட்டரி துண்டித்தாலும் சிறிது நேரம் ஓடும் உள்பேட்டரி, நெட்வொர்க் இல்லாத இடத்தில் தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் நினைவகம் ஆகியவை அதில் உண்டு.

கருவி 10 நொடிக்கு ஒரு முறை தன் அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, நேரம் ஆகியவற்றை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செய்தி சுமார் 200 பைட். 16 மணி நேரம் ஓடும் பஸ்ஸுக்கு 5,760 செய்திகள், ஏறத்தாழ 1.15 எம்பி. சில வாட்ஸ்அப் படங்களின் அளவு, அவ்வளவுதான். எனவே "டேட்டா செலவாகும், அதனால் 2 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அனுப்புகிறோம்" என்று ஒப்பந்ததாரர் சொன்னால் ஏற்கத் தேவையில்லை.

திறந்த வெளியில் ஜிபிஎஸ் பிழை சில மீட்டர்தான். கட்டடங்கள் நெருங்கிய சாலையில் அலை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் புள்ளி பக்கத்துத் தெருவுக்கே தாவிவிடும். அதைச் சரிசெய்ய, வரும் புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அந்தத் தடத்தின் பாதைக்கோட்டில் மிக அருகான இடத்துக்கு இழுத்துப் பொருத்துவார்கள். பாதை ஒரே சாலையில் போய்த் திரும்பி வருவதாக இருந்தால் அருகாமை மட்டும் போதாது. திசையையும், கடைசியாகக் கடந்த நிறுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பஸ் போகிறதா வருகிறதா என்று தெரியும்.

எந்த வண்டி, எந்த நடை

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. கருவி அனுப்புவது வண்டியின் அடையாளத்தை. பயணிக்கு வேண்டியதோ தட எண்ணும் போகுமிடமும். ஒரே வண்டி காலையில் 29சி-ஆக ஓடும், மதியம் வேறு தடத்துக்குப் போகும், மாலையில் டெப்போவில் நிற்கும். இந்த வண்டி, இந்த நேரத்தில், இந்த நடையில் இருக்கிறது என்று யாராவது கணினிக்குச் சொல்லியாக வேண்டும்.

சொல்ல மூன்று வழிகள் உண்டு. முதலாவது, டெப்போவில் டியூட்டி போடும்போதே எந்த வண்டி எந்த டியூட்டிக்கு என்று கணினியில் பதிவது. இரண்டாவது, கண்டக்டரின் டிக்கெட் மெஷின். தடத்தையும் நடையையும் தேர்ந்தெடுக்காமல் அவர் டிக்கெட் கொடுக்க முடியாது என்பதால், அந்தத் தேர்வையே இடங்காட்டிக் கருவியுடன் இணைத்துவிடலாம். மூன்றாவது, மென்பொருளே யூகிப்பது. இந்த வண்டி 8.05-க்குப் பெரம்பூரில் இருந்து கிளம்பியது, 29சி பாதையிலேயே மூன்று நிறுத்தங்களைத் தாண்டியது, அப்படியானால் 8.00 மணி நடை இதுவாகத்தான் இருக்கும் என்று.

மூன்றில் டிக்கெட் மெஷினே கூடுதலாக நம்பத்தக்கது என்பது எங்கள் கருத்து. அதில் தப்பாகப் போட்டால் வசூல் கணக்கு இடிக்கும். அதனால் சரியாகப் போட ஓர் உடனடிக் காரணம் இருக்கிறது. டெப்போப் பதிவில் அப்படி இல்லை. காலை 5 மணிக்கு ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்பேர் வண்டியை எடுத்துக்கொண்டு டிரைவர் கிளம்புகிறார். காகிதத்தில் வண்டி எண்ணை அடித்துத் திருத்துகிறார்கள். கணினியில் யாரும் திருத்துவதில்லை. விளைவு, ஓடும் வண்டி பலகையில் இல்லை. டெப்போவில் பழுதாகி நிற்கும் வண்டி "புறப்படவிருக்கிறது" என்று நாள் முழுக்கக் காட்டப்படுகிறது.

இல்லாத பஸ்ஸைப் பலகை காட்டுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, அட்டவணையில் இருந்தும் ஆள் பற்றாக்குறையால் ஓடாத நடை. நேரலைத் தகவல் வராதபோது மென்பொருள் சத்தமில்லாமல் அட்டவணை நேரத்தை எடுத்துப் போட்டுவிடும். பலகையில் 10, 6, 3, 1 என்று எண் குறையும், பிறகு அந்த வரியே மறைந்துவிடும். பஸ் வரவே வராது. நிற்பவர் கண்ணெதிரே ஒரு பஸ் ஆவியாகப் போவது இப்படித்தான். ரத்தான நடையை ரத்து என்று பதிவதற்கு, பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பர் கையில் ஒரு வழி இருக்க வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த பலகை வைத்தாலும் இந்தக் கோளாறு தீராது.

கட் சர்வீஸ் இன்னொரு சிக்கல். அதே தட எண், ஆனால் பாதி வழியில் திரும்பிவிடும். அட்டவணையில் அதைத் தனி நடையாக, தனிப் போகுமிடத்துடன் பதியாவிட்டால், அந்த வண்டி போகாத நிறுத்தங்களிலும் "7 நிமிடம்" என்று ஓடிக்கொண்டிருக்கும். கூட்ட நெரிசலைச் சமாளிக்க டைம் கீப்பர் அந்தக் கணமே முடிவெடுத்து ஒரு வண்டியைப் பாதியில் திருப்பிவிடுவதும் உண்டு. அது நியாயமான முடிவு. அது ஒரு நிமிடத்துக்குள் கணினிக்கும் போய்ச் சேர வேண்டும்.

நிமிடக் கணக்கு

இடமும் நடையும் தெரிந்தாயிற்று. இனி கணிப்பு. தூரத்தை வேகத்தால் வகுத்துவிடலாமே என்றுதான் முதலில் தோன்றும். 29சி பெசன்ட் நகர் நோக்கிப் போகும்போது ஜெமினியில் இருக்கிறது, நீங்கள் 3 கிலோமீட்டர் தள்ளி மயிலாப்பூர்ப் பக்கம் நிற்கிறீர்கள் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கணத்தில் பஸ் 35 கி.மீ. வேகத்தில் போனால் விடை 5 நிமிடம். சிக்னலில் நின்றால் வேகம் பூஜ்யம், விடையே இல்லை. கணநேர வேகத்தை வைத்துக் கணித்தால் பலகையில் எண் 5, 14, 6, 20 என்று துள்ளும்.

அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவே, நிற்கும் நேரத்தையும் சேர்த்து, இதே கிழமையில் இதே அரைமணி நேரத்தில் கடந்த சில வாரங்களாக எத்தனை நொடி ஆனது என்ற சராசரியை வைத்திருப்பார்கள். நம் எடுத்துக்காட்டில் நான்கு துண்டுகள், சராசரி 150, 110, 95, 130 நொடி. கூட்டினால் 485. ஆனால் சற்றுமுன் அதே வழியில் போன பஸ்ஸுக்கு முதல் துண்டில் 190, இரண்டாவதில் 170 நொடி ஆனது, மற்ற இரண்டில் சராசரியேதான் என்றால், இன்று அங்கே நெரிசல் என்று பொருள். பழைய சராசரிக்கு 60 பங்கும் இன்றைய அளவுக்கு 40 பங்கும் கொடுத்தால் முதல் துண்டு 166, இரண்டாவது 134. மொத்தம் 525 நொடி, அதாவது 8 நிமிடம் 45 நொடி.

பழையதற்கு எவ்வளவு பங்கு, இன்றையதற்கு எவ்வளவு என்பதை நிலையாக வைக்காமல், ஒவ்வொரு புது அளவு வரும்போதும் முந்தைய கணிப்பு எவ்வளவு தவறியது என்று பார்த்து மாற்றிக்கொண்டே போகும் முறைக்குக் கால்மன் வடிகட்டி என்று பெயர். பஸ், ஆட்டோ, பைக், கார் எல்லாம் தடம் பிரிக்காமல் ஒரே சாலையில் போகும் நம் ஊர்ப் போக்குவரத்துக்கு இது பொருந்துமா என்று சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பஸ்களின் ஜிபிஎஸ் தரவை வைத்து ஆராய்ந்து 2009-இல் கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்தும் அந்தத் துறையில் அங்கே வேலை நடந்திருக்கிறது.

எவ்வளவு நல்ல கணக்கும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பஸ் நிலையம். வண்டி கிளம்பிவிட்டால் கணிக்கலாம். டிரைவர் டீ குடித்துவிட்டு எப்போது ஏறுவார், டைம் கீப்பர் எப்போது விசில் கொடுப்பார் என்பதை ஜிபிஎஸ் சொல்லாது. புறப்படும் இடத்துக்கு அருகே உள்ள முதல் நான்கைந்து நிறுத்தங்களில் கணிப்பு மோசமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அங்கே எண்ணுக்குப் பதில் "இன்னும் புறப்படவில்லை, அட்டவணைப்படி 8.20" என்று காட்டுவதே நேர்மை.

இப்போது அந்த 8 நிமிடம் 45 நொடி. பலகையில் 9 என்று போடுவதா, 8 என்று போடுவதா? கணிதப் பாடத்தின்படி 9. பலகைக்கு 8-தான் சரி. "9 நிமிடம்" என்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்புபவர், பஸ் எட்டரை நிமிடத்தில் வந்து போய்விட்டால் அதைத் தவறவிடுகிறார். அடுத்தது 20 நிமிடம் கழித்து வரலாம். பஸ் ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலோ அவருக்கு இழப்பு ஒரு நிமிடம் மட்டும். இரண்டு பிழைகளின் விலை ஒன்றல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் கணிப்புகளை மதிப்பிடும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 3 முதல் 6 நிமிடம் என்று காட்டிய கணிப்பில், வண்டி 90 நொடி முந்தலாம், 120 நொடி பிந்தலாம். அதற்கு மேல் போனால் அது தவறான கணிப்பு. முந்துவதற்கு இடம் குறைவு.

இதெல்லாம் ஒரு நிமிடத்துக்காக இவ்வளவு பாடா என்று தோன்றலாம். சியாட்டில் நகரில் ஒன்பஸ்அவே என்ற செயலியைப் பயன்படுத்துவோரையும் பயன்படுத்தாதோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளிவந்தது. நேரலைத் தகவல் கையில் இருந்தவர்கள் நிறுத்தத்தில் காத்திருந்த நேரம் ஏறக்குறைய 2 நிமிடம் குறைவு. அதைவிட முக்கியம், தகவல் இல்லாதவர்களுக்குக் காத்திருப்பு உண்மையைவிட நீளமாகத் தோன்றியது. தகவல் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ் எண்ணிக்கை கூடவில்லை, வேகம் கூடவில்லை. எப்போது வரும் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது. பலகை தப்பாகச் சொல்லிப் பழகிவிட்டால் இந்தப் பலன் முழுவதும் போய்விடும், ஏனென்றால் யாரும் அதை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

கணிப்பு பலகைக்கு வரும் வழி

கணித்த நேரத்தைச் செயலிகளுக்கும் பலகைகளுக்கும் கொடுக்க இரண்டு வடிவங்கள் பரவலாக உள்ளன. ஒன்று 2011-இல் வந்த ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம். அதில் மூன்று வகைச் செய்திகள்தான்: நடை எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது, வண்டி எங்கே இருக்கிறது, சாலை மறியல், மழை போன்ற அறிவிப்பு. மற்றொன்று ஐரோப்பாவில் அதிகம் பயன்படும் சிரி.

வழியில் சேரும் தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள். கருவி 10 நொடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. சர்வர் 20 நொடிக்கு ஒரு முறை கணிக்கிறது. பலகை 30 நொடிக்கு ஒரு முறை கேட்டு வாங்குகிறது. எல்லாம் மோசமாக அமைந்தால் ஒரு நிமிடப் பழைய தகவல். 20 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் ஒரு நிமிடத்தில் 333 மீட்டர் நகர்ந்துவிடும். பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகும் பலகை "1 நிமிடம்" என்று சொல்வது இதனால்தான்.

இதைக் குறைக்க எளிய வழி இருக்கிறது. சர்வர் "4 நிமிடம்" என்று அனுப்பக் கூடாது, "8:41:20-க்கு வரும்" என்று கடிகார நேரமாக அனுப்ப வேண்டும். கழித்துப் பார்க்கும் வேலையைப் பலகை தன் கடிகாரத்தை வைத்துத் தானே செய்துகொள்ளும். நடுவில் நெட்வொர்க் கொஞ்சம் தடுமாறினாலும் எண் குறைந்துகொண்டே வரும். இதில் ஒரு நிபந்தனை, பலகையின் கடிகாரம் இணையம் வழியாகச் சரியாக இருக்க வேண்டும். ஒரு பலகையில் மட்டும் எல்லாத் தடங்களும் ஒரே அளவில், சரியாக 2 நிமிடம் தப்பினால், கணிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் அந்தப் பலகையின் கடிகாரத்தைப் பாருங்கள்.

தகவல் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் நடைமுறைப் பரிந்துரை, வண்டி இடமும் நடை நிலையும் 90 நொடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்கிறது. பலகைக்கும் அதே விதியைப் போடலாம். அதற்கு மேல் பழையதானால் நேரலை எண்ணை எடுத்துவிட்டு, அட்டவணை நேரத்தை வேறுபடுத்திக் காட்ட வேண்டும். நேரலைக்கு "4 நிமிடம்", அட்டவணைக்கு "8.45" என்று கடிகார நேரம் என்பது பார்த்தவுடன் புரியும் வேறுபாடு. உறைந்துபோய் அரைமணி நேரமாக "3 நிமிடம்" என்றே காட்டும் பலகை, அணைந்துபோன பலகையைவிட மோசமானது.

பலகை

கடைசியாகக் கண்ணுக்குத் தெரியும் பொருள். கடை வாசலில் எழுத்து ஓடும் சிவப்புப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் பி10 வகை எல்இடி தட்டுகள். பி10 என்றால் புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு தட்டு 32 × 16 புள்ளிகள், 32 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம். அகலத்தில் ஆறு, உயரத்தில் இரண்டு என்று 12 தட்டுகளைச் சேர்த்தால் 1.92 மீட்டர் அகலப் பலகை, மொத்தம் 192 × 32 புள்ளிகள்.

ஆங்கிலப் பெரிய எழுத்தை 7 புள்ளி உயரத்தில் எழுதிவிடலாம். தமிழுக்கு அது போதாது. "மீ"யில் மேலே சுழி, "பூ"வில் கீழே இறங்கும் கோடு. எழுத்தின் உடல் 8, 9 புள்ளி என்றால், மேலும் கீழும் சேர்த்து ஒரு வரிக்கு 16 புள்ளி குறைந்தபட்சம் வேண்டும். ஆக அந்த 32 புள்ளிப் பலகையில் இரண்டே தமிழ் வரிகள். அதே அளவுப் பலகையைப் பி5 தட்டுகளில் செய்தால் 384 × 64 புள்ளிகள், நான்கு வரிகள். விலை கூடும், எழுத்து சிறிதாகும். படிக்கும் தூரத்தை 200-ஆல் வகுத்தால் வருவது எழுத்தின் உடல் உயரம் என்பது ஒரு கைக்கணக்கு. பி5-இல் உடல் சுமார் 4 செ.மீ., எனவே 8 மீட்டரில் இருந்து படிக்கலாம். நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது தாராளம். பஸ் நிலையத்தின் மறுகோடியில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் பி10-தான்.

உயரத்தைவிடத் தொல்லை தருவது எழுத்து அடுக்கும் முறை. யூனிகோடில் "பெ" என்பது முதலில் "ப", பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். கணினியும் செல்போனும் இதைத் தாமாகச் செய்கின்றன. மலிவான எல்இடி கட்டுப்பாட்டு அட்டைகளுக்கு இது தெரியாது, வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். அப்போது "பெரம்பூர்" என்பது "பரெம்பூர்" போலவும், "பெசன்ட் நகர்" என்பது "பசென்ட் நகர்" போலவும் தெரியும். "கொளத்தூர்", "கோயம்பேடு" போன்றவை இன்னும் சிதையும். தீர்வு, பலகைக்கு எழுத்தாக அனுப்பாமல் சர்வரிலேயே சரியாக வரைந்து படமாக அனுப்புவது, அல்லது லினக்ஸ் போன்ற முழு இயங்குதளம் உள்ள கட்டுப்படுத்தியை வாங்குவது. டெண்டர் ஆவணத்தில் "தமிழ் ஆதரவு" என்று ஒரு வரி எழுதினால் போதாது. பத்து நிறுத்தப் பெயர்களைக் கொடுத்து, வாங்கும் முன் ஓடவிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

போகுமிடத்தின் பெயரை ஓடவிடக் கூடாது. ஓடும் எழுத்துக்காகப் பயணி காத்திருக்கிறார், அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம், ஒவ்வொன்றும் 6 முதல் 8 நொடி நிலையாக நிற்பது நல்லது. தட எண்ணும் நிமிடமும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், மொழி மாறினாலும் கண் தேட வேண்டியதில்லை.

வெயிலில் எல்இடி மங்கித் தெரியாதிருக்க நல்ல பிரகாசம் வேண்டும். அதே பிரகாசம் இரவில் கண்ணைக் கூசும், எனவே வெளிச்ச உணரி கட்டாயம். பெட்டி தூசியும் மழைத்தாரையும் புகாத ஐபி65 தரத்தில் இருக்க வேண்டும். முதலில் சாகும் பாகம் பெரும்பாலும் விளக்கு அல்ல, 5 வோல்ட் மின்வழங்கி. மூடிய பெட்டிக்குள் மே மாத வெப்பம் அதைத் தின்றுவிடும். கொள்ளளவில் பாதிதான் சுமை ஏற்றுவது, வெப்பம் வெளியேறப் பெட்டியின் முதுகை உலோகத் தகடாக வைப்பது இரண்டும் ஆயுளைக் கூட்டும். கரண்ட் போய் வந்தால் ஆள் போகாமலே தானாக எழுந்து, நெட்வொர்க்கில் சேர்ந்து, கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மின் இணைப்பு கிடைக்காத நிறுத்தங்களுக்கு மின்தாள் பலகை இருக்கிறது, மின்னூல் படிப்பான்களில் உள்ள அதே திரை. எழுத்து மாறும்போது மட்டும் மின்சாரம் செலவாகும் என்பதால் சிறிய சோலார் தகடே போதும், வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். தனக்கென ஒளி இல்லாததால் இரவுக்கு ஒரு சிறு விளக்கு வேண்டும்.

பலகையில் வேறு என்ன இருக்க வேண்டும்

தட எண், போகுமிடம், நிமிடம் மூன்றும் போதும் என்று வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நான்காவதாக ஒன்று தேவை: சேவை வகை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "29சி 2 நிமிடம்" என்று காட்டி, வருவது டீலக்ஸ் என்றால், கட்டணமில்லா பஸ்ஸுக்காக நிற்கும் பெண்ணுக்கு அந்த வரியால் பயனில்லை. 2 நிமிடத்தில் டீலக்ஸ், 9 நிமிடத்தில் சாதாரணம் என்று தெரிந்தால் அவரே முடிவெடுத்துக்கொள்வார். தாழ்தள பஸ்ஸுக்கு ஒரு சக்கரநாற்காலிக் குறியும் அப்படியே. அது இல்லாவிட்டால் ஏற முடியாதவர் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பார்வையற்றோருக்குப் பலகை ஒளிர்ந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான். கம்பத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் அடுத்த மூன்று பஸ்களைத் தமிழில் வாசிக்கும் ஒலிபெருக்கி என்பது பலகையின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. பின்னால் சேர்ப்பதுதான் கடினம், கட்டும்போதே சேர்த்துவிட வேண்டும்.

ரயிலில் இது ஏன் சுலபம்

மெட்ரோ நிலையத்துப் பலகை அநேகமாகத் தவறுவதில்லை. ரயில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பாதுகாப்புக்காகவே சிக்னல் அமைப்பு நொடிக்கு நொடி அறிந்திருக்கிறது, குறுக்கே ஆட்டோ வருவதில்லை. நெடுந்தூர ரயில்களுக்கு முன்பு நிலையங்களில் இருந்து கையால் பதியும் நேரமே ஆதாரமாக இருந்தது. இந்திய ரயில்வே இஸ்ரோவுடன் சேர்ந்து இன்ஜின்களில் ஆர்டிஐஎஸ் என்ற கருவியைப் பொருத்தத் தொடங்கிய பிறகு, 30 நொடிக்கு ஒரு முறை இன்ஜினே தன் இடத்தைச் சொல்கிறது. அங்கும் பிளாட்பார எண் கடைசி நேரத்தில் மாறினால் மனிதர்தான் பதிய வேண்டும், அந்தப் பதிவு தாமதமானால் கூட்டம் படிக்கட்டில் ஓடத்தான் செய்கிறது.

ஒரு பலகையைச் சோதிப்பது எப்படி

உங்கள் ஊரில் பலகை வந்திருந்தால், அல்லது சென்னை பஸ் போன்ற செயலியைப் பயன்படுத்தினால், அதன் தரத்தை நீங்களே அளந்துவிடலாம். நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரமும், மதியம் ஒரு மணி நேரமும் ஒரே நிறுத்தத்தில் நில்லுங்கள். பலகை முதல் முறை "5 நிமிடம்" என்று காட்டிய கடிகார நேரத்தையும், அந்த பஸ் உண்மையில் வந்த நேரத்தையும் இரண்டு நெடுவரிசைகளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது நெடுவரிசையில், காட்டியும் வராதவை. நான்காவது நெடுவரிசையில், காட்டாமலே வந்தவை.

எல்லாமே ஒரே அளவில் தப்பினால் கடிகாரம். காட்டியும் வராதவை அதிகமானால் ரத்தான நடைகள் பதியப்படவில்லை. காட்டாமல் வந்தவை அதிகமானால் ஸ்பேர் வண்டிகள் நடையோடு இணைக்கப்படவில்லை, அல்லது கருவி பழுது. அந்த வண்டியின் பதிவெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் கருவிதான். நெரிசலில் மட்டும் தப்பினால் கணிப்பு இன்றைய நிலவரத்துக்குப் போதிய பங்கு கொடுக்கவில்லை. புகாரில் "பலகை சரியில்லை" என்று எழுதினால் பலகை விற்றவரை அனுப்பித் துடைத்துவிட்டுப் போவார்கள். நிறுத்தத்தின் பெயர், எந்தப் பக்கம், தேதி, நேரம், தட எண், வண்டியின் பதிவெண், நான்கில் எந்த வகைத் தவறு என்று எழுதினால், டெப்போவில் பார்க்க வேண்டியதா சர்வரில் பார்க்க வேண்டியதா என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.